யன்னலோரப் பூனை: ஹிரோஷிகேயின் திருவிழா ஓவியங்கள்

எங்கள் பாடசாலையில் சித்திரத்துக்கு ஆசிரியர் இல்லை. தமிழ் படிப்பிக்கும் என் தலையில் அந்தப் பாடவேளையையும் கட்டிவிட்டார்கள். ஒருமுறை ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகளுக்கு 'எங்களூர்ப் பெருநாள்' என்று தலைப்புக் கொடுத்துக் கீறச் சொன்னேன். முப்பத்தொரு தாள்கள் வந்தன. ஏறத்தாழ எல்லாவற்றிலும் பச்சை நிறக் குப்பாவுடன் ஒரு பள்ளிவாசல், மேலே பிறை, பக்கத்தில் ஒரு தென்னை. ஆள் ஒருவர் கூட இல்லை.

"ஆக்கள் எங்க மகள்?" என்று முன்வாங்குப் பிள்ளையிடம் கேட்டேன்.

"உருவம் கீறப்படாது சேர்" என்றாள்.

நான் அவளைத் திருத்தவில்லை. உருவம் வரைவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே பல கருத்துகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஊரே கூடி நிற்கும் ஒரு நாளை வரைந்து முடித்த தாளில் ஊர் இல்லை என்பது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரேயொரு பையன் மட்டும் வேறொன்று செய்திருந்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த உறுத்தலோடு இருந்த நாட்களில்தான் ஜப்பானிய மரவெட்டு ஓவியங்கள் சில என் கைக்கு வந்தன. வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைக் கொழும்பு போகும்போதெல்லாம் பார்ப்பது என் வழக்கம். அவருடைய அலுமாரியில் கிடந்த பெரிய படப்புத்தகம் அது. ஹிரோஷிகே என்ற ஓவியர் 1856 முதல் 1858 வரை வெளியிட்ட 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' என்ற தொகுதி. எடோ என்பது இன்றைய டோக்கியோ. பெயரில் நூறு என்றிருந்தாலும் படங்கள் நூறைத் தாண்டிப் போயின. அவற்றில் திருவிழாக்களையும் வழிபாட்டுக் கூட்டங்களையும் காட்டும் படங்கள் சில உள்ளன. அவற்றில் மூன்றைப் பற்றித்தான் இங்கு பேச விரும்புகிறேன்.

முதலில் இந்தக் கலையின் தொழில் முறையைச் சொல்லிவிட வேண்டும். ஓவியர் மெல்லிய தாளில் கோடுகளால் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டிக் கோடுகளை மட்டும் மேடாக விட்டு மற்றதை வெட்டி எடுப்பார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை. தாள் ஒவ்வொரு முறையும் பிசகாமல் அதே இடத்தில் படிவதற்குப் பலகையின் ஓரத்தில் அடையாள வெட்டுகள் இருக்கும். அச்சிடுபவர் ஈரத்தாளைப் பலகைமேல் வைத்துக் கையால் தேய்த்து எடுப்பார். அந்திவானத்தில் சிவப்பு மெல்ல மெல்ல வெளிறிப் போகிறதே, அது ஓவியரின் தூரிகை செய்ததல்ல. பலகைமேல் மையைத் துடைத்து மங்கச்செய்த அச்சுத் தொழிலாளியின் கைவேலை. இவர்கள் எல்லோருக்கும் மேலே முதல் போட்ட பதிப்பாளர். அரசின் தணிக்கை முத்திரையும் படத்தில் இருக்கும். ஆக, கூட்டத்தைக் காட்டும் இந்தப் படங்களே ஒரு கூட்டத்தின் உழைப்புத்தான். விலையும் அதிகமில்லை. ஒரு கோப்பை நூடில்ஸ் சாப்பிடும் காசுக்குச் சாதாரணக் குடிமகன் ஒரு படம் வாங்கலாம் என்ற நிலை இருந்தது.

முதலாவது படம், சன்னோ திருவிழா ஊர்வலம் கோட்டைக்குள் நுழைவது. சன்னோ, கண்டா என்ற இரண்டு கோயில்களின் ஊர்வலங்கள் ஒன்றுவிட்ட ஆண்டுகளில் எடோக் கோட்டைக்குள் போக அனுமதி பெற்றிருந்தன. ஷோகுன் என்னும் ஆட்சித் தலைவரே அவற்றைப் பார்ப்பார். இவ்வளவு பெரிய வைபவத்தை வரையும் ஓவியர் என்ன செய்திருக்க வேண்டும்? கோட்டை வாயிலை நடுவில் வைத்து, தேரை முழுதாகக் காட்டி, பிரமுகர்களை வரிசையாக நிறுத்தியிருக்க வேண்டும். ஹிரோஷிகே அப்படிச் செய்யவில்லை. தேரின் ஒரு துண்டு மட்டும், முரசொன்றின்மேல் நிற்கும் சேவல் மட்டும், நம் மூக்குக்கு முன்னால் பெரிதாக வருகிறது. மற்றதைப் படத்தின் விளிம்பு வெட்டிவிடுகிறது. ஊர்வலமோ தூரத்தில், அகழிக்கு அப்பால், வெறும் தொப்பிகளாக ஊர்ந்து போகிறது. தெருவில் சனத்துக்குள் நெருக்குண்டு நிற்பவனுக்கு ஊர்வலம் அப்படித்தான் தெரியும். அவனுக்கு முழுத் தேர் கிடைக்காது. கண்ணருகே கடந்துபோகும் ஒரு துண்டுதான் கிடைக்கும்.

அந்த முரசுக்கும் சேவலுக்கும் ஒரு கதை உண்டு. பழைய சீனத்தில் நல்லரசன் ஒருவன் தன் வாயிலில் முரசு வைத்தானாம். குறையுள்ளவன் வந்து அடிக்கலாம். நம் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி போலத்தான். நாட்டில் யாருக்கும் குறையில்லாததால் முரசை அடிக்க ஆளில்லை. கோழிகள் அதில் ஏறி நின்றன. அடிக்கப்படாத முரசு அமைதியின் அடையாளமானது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். இலங்கை முஸ்லிம் ஒருவனால் முரசையும் ஊர்வலத்தையும் ஒன்றாகப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. கம்பளையில் பள்ளிவாசலைக் கடந்து பெரஹரா மேளத்தோடு போகலாமா என்பது வழக்காகி, 1914இல் மாவட்ட நீதிமன்றம் ஒருவிதமாகவும் 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் மறுவிதமாகவும் தீர்ப்புச் சொல்லின. அந்த வருடம் மே மாதம் வெசாக் காலத்தில் கண்டியில் வெடித்த கலவரம் நாடு முழுவதும் பரவி நம்மவர்களின் கடைகளையும் பள்ளிகளையும் எரித்தது. அதற்கும் முன்பு, 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு அன்று கொட்டாஞ்சேனையில் லூசியாள் பேராலயம் இருக்கும் பகுதியில் பௌத்த ஊர்வலமொன்று தாக்கப்பட்டு இரத்தம் சிந்தியது. அதில் நாம் சம்பந்தப்படவில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். திருவிழா என்பது நடப்பவருக்குப் பக்தி. வழியோரத்தில் நிற்பவருக்கு அது என்ன என்பது அவர் எங்கே நிற்கிறார், எப்படி நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. ஹிரோஷிகேயின் படங்களில் என்னைப் பிடித்து நிறுத்தியதும் இந்த 'எங்கே நிற்கிறார்' என்ற கேள்விதான்.

இரண்டாவது படம், ட்சுகுதா தீவின் சுமியோஷித் திருவிழா. தெய்வத்தின் பெயர் எழுதிய பிரமாண்டமான வெள்ளைக் கொடிச்சீலை ஒன்று படத்தை மேலிருந்து கீழாகப் பிளந்து நிற்கிறது. அதற்குக் கீழே, மிகச் சிறியதாக, கோயிற் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள். இந்தத் தீவு மக்கள் எடோவின் பூர்வீகக் குடிகளல்லர். ஒஸாக்கா பக்கத்து மீனவர்கள். ஆட்சியாளர் இயெயாசு அவர்களை எடோவுக்கு வரவழைத்தார். வந்தவர்கள் தங்கள் ஊர்த் தெய்வத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

இதைப் படித்ததும் வெள்ளவத்தை சேர் சிரித்தார். "இது எங்கட வேல் கதைதானே தம்பி" என்றார். கொழும்பின் ஆடி வேல் விழா 1874இல் தொடங்கியது என்பார்கள். வாந்திபேதி பரவியதால் கதிர்காம யாத்திரைக்குத் தடை வந்தபோது, செட்டியார் தெரு நகரத்தார் கொழும்பிலேயே வேலை ஊர்வலமாக எடுத்தார்கள் என்பது மரபு. செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் வெள்ளி ரதம் வரும். சேர் தன் இளமையில் பார்த்த காளைகளையும் கரும்புக் கட்டுகளையும் வளையல் கடைகளையும் சொல்லச் சொல்ல எனக்குக் கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றம் நினைவுக்கு வந்தது. நாகூராரின் பெயரால் ஏறும் கொடி அது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த பெயர், கிழக்கின் மணலில் ஊன்றி நிற்கிறது. கொச்சிக்கடை என்ற பெயரிலேயே கொச்சி இருக்கிறது. புலம்பெயர்ந்தவன் சட்டிபானைக்கு முன்னதாகத் தூக்கிக்கொண்டு வருவது தன் ஊர்க் கூட்டத்தின் நினைவைத்தான். "எண்பத்து மூண்டு ஜூலைக்குப் பிறகு வேல் பழையபடி றோட்டுக்கு வர எவ்வளவு காலம் எடுத்தது தெரியுமே?" என்றார் சேர். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாவது படத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். 'அசகுசா வயல்களும் தொரி நோ மாச்சித் திருவிழாவும்', 1857. படத்தில் ஒரு மேல்மாடி அறை. கம்பி யன்னலின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பூனை வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. வெளியே அந்தி. வயல்வெளி, அதற்கப்பால் ஃபூஜி மலை. வயல் நடுவே எறும்புச்சாரி போல ஒரு கோடு. உற்றுப் பார்த்தால் அது திருவிழாவுக்குப் போகும் சனம். அறைக்குள் மனிதர் யாருமில்லை. யன்னல் விளிம்பில் ஒரு துவாயும் ஒரு கிண்ணமும். தரையில் தாளில் சுற்றிய கொண்டை ஊசிகள் சில. அவை அந்தத் திருவிழாவில் விற்கும் அதிர்ஷ்ட வாரியின் வடிவத்தில் செய்யப்பட்டவை.

அந்த அறை யோஷிவாரா என்ற பரத்தையர் குடியிருப்பில் இருக்கிறது. அங்கிருந்த பெண்கள் நினைத்தபடி வெளியே போக முடியாதவர்கள். திருவிழா நாளில் அவர்களுக்கு வாடிக்கையாளர் கூட்டம்தான் அதிகம். யாரோ ஒருவன் திருவிழாவுக்குப் போய்விட்டு அந்த ஊசிகளைப் பரிசாகக் கொண்டுவந்திருக்கிறான். அவளைப் படத்தில் காணவில்லை. அவளுக்குப் பதிலாகப் பூனை பார்க்கிறது. ஒரு திருவிழாவைக் காட்டும் படத்தில் அதற்குப் போக முடியாத ஒருத்தியை நடுவில் வைத்து, அவளையும் காட்டாமல் விட்டிருக்கிறார் ஓவியர். இதைவிடப் பெரிய கதையைச் சிறுகதை எழுதுகிற நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் கந்தூரி நடந்தது. கொடி ஊர்வலம் றபான் சத்தத்தோடு ஒழுங்கைக்குள் வரும்போது என் உம்மா வளவின் கிடுகு வேலியில் விரலால் ஓர் ஓட்டை பெரிதாக்கி அதன் வழியே பார்ப்பார். அவர் கண்டது கொடியின் ஒரு துண்டு, ஒரு பாவாவின் தலைப்பாகை, தம்பியின் தோளில் இருந்த என் கால்கள். பிறகு ஊரில் வாதங்கள் வந்தன. கந்தூரி நின்றது. அது நின்றது சரியா பிழையா என்பதல்ல நான் பேச வந்தது. உம்மாவும் மௌத்தாகிவிட்டார். வேலி மதிலாகிவிட்டது. அந்த ஓட்டை வழியே தெரிந்த ஊரை யாரும் எழுதவில்லை. கந்தூரியை ஆதரித்து எழுதினோம், எதிர்த்து எழுதினோம். பார்த்து எழுதினவர் மிகக் குறைவு.

இப்படிப் பார்ப்பது நமக்கு அந்நியமானதுமல்ல. தமிழில் உலா என்ற சிற்றிலக்கியமே யன்னலோரத்து இலக்கியந்தானே. வீதியில் போகிறவனைவிட அவனைப் பார்க்க நிற்கும் பெண்களைப் பற்றியே அது அதிகம் பேசும். உமறுப் புலவரும் சீறாவின் மணம்புரி படலத்தில் வீதியையும் அங்கே கூடிய சனத்தையும் பாடத் தயங்கவில்லை. 1237இல் பக்தாதின் யஹ்யா அல் வாஸிதி, ஹரீரியின் மகாமாத்துக்கு வரைந்த படங்களில் பெருநாள் ஊர்வலத்துக்காகக் காத்து நிற்கும் குதிரைவீரர் கூட்டம் ஒன்று உண்டு. கொடிகளும் எக்காளங்களும் முரசும் அதில் இருக்கின்றன. ஊர்வலம் இன்னும் புறப்படவில்லை, குதிரைகள் பொறுமையிழந்து நிற்கின்றன. அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஜப்பானியரிலும் யோஷிதா ஹிரோஷி என்பவர் 1930களின் தொடக்கத்தில் இந்தியாவைச் சுற்றிவிட்டுப் போய் ஃபதேபூர் சிக்ரியை 1931இல் மரவெட்டில் அச்சிட்டார். சல்லடைக் கற்சாளரம் வழியே பொன்னொளி உள்ளே கசிய, தரையில் ஆட்கள் அமர்ந்திருக்கிறார்கள். அந்த ஒளியில் அவர்களின் முகம் நமக்குத் தேவைப்படவே இல்லை.

ஹிரோஷிகேயிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1855இன் பூகம்பத்தில் எடோவில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். அடுத்த வருடமே தொடங்கிய இந்தத் தொகுதியில் இடிபாடுகளை நாம் காண்பதில்லை. நகரம் மீண்டுவிட்டது என்று வாங்குபவனுக்கு ஆறுதல் சொல்வது பதிப்பாளருக்கு இலாபம். பல்லக்குத் தூக்குகிறவனின் தோள் எப்படி வலிக்கும் என்பதும் இந்தப் படங்களில் தெரியாது. எல்லோரும் அழகான புள்ளிகளாகிவிடுகிறார்கள். தூரத்தில் நின்று பார்ப்பதில் உள்ள ஆபத்து இது. மரியாதை எந்த இடத்தில் அலட்சியமாக மாறுகிறது என்று பார்ப்பவனுக்கே தெரியாது. ஆனால் அந்தப் பூனைப் படத்தில் அவர் இந்த ஆபத்தைக் கடந்துவிடுகிறார். அங்கே தூரம் ஓவியரின் வசதிக்காக வந்ததல்ல, அறைக்குள் அடைபட்ட ஒருத்திக்கு விதிக்கப்பட்டது. அவர் கோட்டைத் தீயணைப்புக் காவலர் குடும்பத்தில் பிறந்த எடோக்காரர். திருவிழாவுக்குள் போய் நிற்க அவருக்கு எந்தத் தடையும் இருந்திருக்காது. இருந்தும் போக முடியாதவளின் யன்னலைத் தேடிப்போய் அங்கிருந்து பார்த்தார். அவர் இறந்தது 1858இல், எடோவில் வாந்திபேதி பரவிய வருடத்தில்.

கொட்டாஞ்சேனையில் என் சாச்சி ஒருவர் இருக்கிறார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் போவது ஊரறிந்த விஷயம். சாச்சியும் போவார். உள்ளே போகமாட்டார். வாசலில் பூ விற்கும் கத்தோலிக்கப் பெண் அவருடைய சிநேகிதி. அவளோடு பேசிவிட்டு வருவார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நம் பெயர்களைச் சுமந்தவர்கள் அங்கும் வேறிடங்களிலும் குண்டுகளோடு போனார்கள். நாடு முழுவதும் 250க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஜூன் 12ஆந் திகதி கோயில் திருத்தப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. மறுநாள் வருடாந்தத் திருவிழா.

சில வருடங்களுக்குப் பின்னர் ஒரு ஜூன் 13இல், பயிற்சிப் பட்டறையொன்றுக்காக வந்து நான் சாச்சி வீட்டில் தங்கியிருந்தேன். பின்னேரம் அந்தோனியாரின் சுரூப பவனி. சாச்சி மேல்மாடி யன்னலின் திரையைக் கொஞ்சமாக விலக்கிவிட்டு நின்றார். மின்விளக்குகளும் மெழுகுதிரிகளும் தெரிந்தன. தலைகள் தெரிந்தன.

"கீழ எறங்கிப் போய்ப் பாக்கலாமே சாச்சி?" என்றேன்.

"எந்த முகத்தோட மகன் போற?" என்றார்.

அவர் ஒரு குற்றமும் செய்யாதவர். அப்படி அவரிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பவனி மூலையில் திரும்பி மறையும்வரை நின்றார். பிறகு திரையை மூடிவிட்டு மஃரிபுக்கு உளூச் செய்யப் போனார். அந்த இரவில்தான் ஹிரோஷிகேயின் பூனை எனக்கு முழுதாக விளங்கியது. அவளாலும் சாச்சியாலும் போக முடியாது. ஆனாலும் பார்வையை விலக்கிக்கொள்ள அவர்கள் சம்மதிக்கவில்லை.

நம் எழுத்துக்கு இன்று வேண்டியது இந்த யன்னல் என்று நான் நினைக்கிறேன். அயலவரின் திருவிழாவை நம்முடையது என்று பாசாங்கு செய்யத் தேவையில்லை. அதைப் பார்க்காதது போல முகத்தைத் திருப்பவும் தேவையில்லை. நம்முடைய கூட்டங்களையும், நின்றுபோனவை உட்பட, யார் எந்த இடுக்கு வழியே பார்த்தார்கள் என்பதோடு சேர்த்து எழுத வேண்டும். வெள்ளவத்தை சேரின் வேலும் என் உம்மாவின் கந்தூரியும் சாச்சியின் கொச்சிக்கடையும் ஒரே தொகுதியின் மூன்று படங்கள். முகம் வரைவது கூடுமா என்ற வாதம் அதன் பாட்டில் நடக்கட்டும். முகம் வரையாமலே ஒரு கூட்டத்தைக் காட்டலாம் என்பதற்குத் தொப்பிகளும் கொடிச்சீலையும் தூரத்து எறும்புச்சாரியும் சாட்சி.

அந்தப் பையனின் தாளைச் சொல்லாமல் விட்டேன். அவனும் ஆட்களைக் கீறவில்லை. பள்ளிவாசல் படியின் கீழே செருப்புகளைக் கீறியிருந்தான். பெரியதும் சிறியதுமாய், வார் அறுந்ததும் புதியதுமாய், தாளின் அடி ஓரம்வரை நிறைந்த செருப்புகள். ஒரு சோடி மட்டும் குதிக்கால் உயர்ந்த பெண்பிள்ளைச் செருப்பு.

"இது ஆர்ர?" என்று கேட்டேன்.

"தங்கச்சிட சேர். அவ வெளிய நிண்டு பாத்துட்டு, பிறகு உள்ளுக்க ஓடிட்டா."

நூற்றுக்குத் தொண்ணூறு போட்டேன். மற்றப் பத்தையும் ஏன் போடவில்லை என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.